சுவரில் ஊரும் வெள்ளரி விதை எந்த அந்துப்பூச்சி?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். உவர்மலையில் வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது, குளியலறைச் சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் சாம்பல் நிறத்தில் வெள்ளரி விதை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, குப்பை என்று தட்டப் போனால் நகர்கிறது, ஒரு தரம் இந்தப் பக்கத்தால் தலை வருகிறது, இன்னொரு தரம் அந்தப் பக்கத்தால் வருகிறது, கைப்பிள்ளை இருக்கிற வீடு, இது என்ன பூச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் உடுப்பு அந்து என்றாராம், இன்னொருவர் ஒரு இலத்தீன் பெயர் தந்தாராம், மூன்றாமவர் அதே படத்துக்கு வேறொரு இலத்தீன் பெயர் சொன்னாராம். பதில் எழுதிய பலர் எப்படி ஒழிப்பது என்பதிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு விளங்கியபடி உங்களுக்குத் தெரியவேண்டியது, இந்தப் பெயர்களில் எது சரி, ஒரு படத்தை வைத்து அதை எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம் என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிள்ளை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஆளைக் கடித்து உண்ணுகிற பூச்சி இல்லை. நுளம்பு மாதிரி, மூட்டைப்பூச்சி மாதிரி இரத்தம் குடிக்கிற வாய் இதற்குக் கிடையாது. மயிர்க்கொட்டி போல உடம்பில் சுணை மயிரும் இல்லை. பிள்ளையின் தோலில் தடிப்பு ஏதும் இருந்தால் சுவரில் கண்ட இதன் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் மெத்தையின் தையல் ஓரங்களைப் பாருங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். தவழுகிற பிள்ளை என்றால் எடுத்து வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இரவில் வெள்ளைத் துணி கட்டி லைட் போட்டு அந்துப்பூச்சி பார்ப்பது நீண்ட நாள் பழக்கம். இந்த வீட்டுச் சுவர்ப் பூச்சியை ஜாம் போத்தலில் வளர்த்தும் பார்த்திருக்கிறேன். ஆனபடியால் கீழே சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி படித்தது.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியது இது. நீங்கள் காண்பது ஒரு அந்துப்பூச்சியின் குடம்பி, அதாவது புழு, தன் வீட்டோடு நடந்து திரிகிறது. வருணம் லெப்பிடொப்தெரா, குடும்பம் டினீயிடே, சாதி ஃபெரியீகா. (நாங்கள் இங்கே வருணம், சாதி என்று படிப்பிப்பவை தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரிசை, பேரினம்.) கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு வீட்டைச் சுமப்பது என்று பொருள், பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியொட் நத்தையை அந்தச் சொல்லால்தான் குறித்தார். இந்தப் பூச்சிக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பது ஐந்து நிமிடம் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரியும். சாதி வரைக்கும் உங்கள் முதலாவது படமே போதும், ஏனென்றால் அந்தக் கூட்டின் வடிவம் அவ்வளவு தனித்துவமானது: தட்டையாக, நடுவில் அகன்று, இரண்டு முனையிலும் ஒடுங்கி, இரண்டு முனையிலும் திறந்து. நீளம் 8 முதல் 14 மில்லிமீற்றர், அகலம் 3 முதல் 5 மில்லிமீற்றர். வெள்ளரி விதை என்று நீங்கள் சொன்னது அளவிலும் சரிதான்.

தலை இரண்டு பக்கத்தாலும் வருகிறதே என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள், இரண்டு தலையோ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தலை ஒன்றுதான். கூடு நடுவில் அகன்றிருப்பதே அதற்காகத்தான், புழு உள்ளேயே மடிந்து திரும்பி மற்றப் பக்கத்தால் வெளியே வரலாம். நடக்கும்போது தலையும் நெஞ்சுப் பகுதியின் மூன்று சோடிக் கால்களும் மட்டும் வெளியே வரும், வயிற்றுப் பகுதியில் இருக்கிற சதைக் கால்களால் கூட்டை உள்ளிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு போகும். வெளியே தெரிகிற அந்தச் சிறு பகுதியைப் பாருங்கள்: தலை கடும் மண்ணிறம், அதற்கு அடுத்து நெஞ்சில் கறுத்த தகடுகள், கூட்டுக்குள் இருக்கிற மீதி உடம்பு வெள்ளை. வெளியே வருகிற இடத்துக்குத்தான் கவசம், மற்ற இடத்துக்கு வீடே கவசம்.

கூடு கட்டுகிற விதம் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி. முட்டையிலிருந்து வந்த புழு முதலில் நடப்பதில்லை. இருந்த இடத்தில் பட்டு நூலால் தன் மேல் ஒரு சின்ன வளைவு கட்டுகிறது, அதில் அகப்பட்ட மணல், தூசி, பூச்சிகளின் எச்சம், நூல், மயிர் எல்லாவற்றையும் ஒட்டுகிறது, பிறகு வளைவின் இரண்டு ஓரத்தையும் தனக்குக் கீழே இழுத்துத் தைத்து ஒரு குழாயாக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் ஊர்வலம். தோல் கழற்றும் ஒவ்வொரு தரமும் கூட்டையும் பெருப்பிக்கும், பிந்திய கூடுகள்தான் நீங்கள் காண்கிற தட்டை வடிவத்துக்கு வரும். உள்ளே கை வைத்துப் பார்க்க முடிந்தால் வழுவழுவென்று பட்டு, வெளியே சொரசொரப்பு. இங்கே ஒரு விஷயம் முக்கியம்: கூட்டின் நிறம் வீட்டைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. உப்புவெளியில் கடற்கரை வீடொன்றில் கண்ட கூடுகள் வெண்மணல் ஒட்டி மினுங்கின, புல்மோட்டைப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுச் சுவரில் அந்தக் கரிய கனிய மணலால் கூடு கறுத்துப்போய் இருந்தது, ஒரு வகுப்பறையில் கண்டதில் சுண்ணக்கட்டித் தூள். மூன்றையும் மூன்று வகை என்று பிள்ளைகள் வாதாடினார்கள். புழுவை ஒரே மணல் உள்ள போத்தலில் விட்டால் புதிதாகக் கட்டுகிற பகுதி ஒரே மாதிரித்தான் வரும்.

இனி வளர்ந்த அந்து. இதைப் பெரும்பாலானவர்கள் காண்பதில்லை, கண்டாலும் தூசி என்று ஊதிவிடுவார்கள். பெண்ணுக்குச் சிறகு விரிந்த அகலம் 10 முதல் 13 மில்லிமீற்றர், ஆண் இன்னும் சிறியது, 7 முதல் 9. நிறம் சாம்பல், பெண்ணின் முன்சிறகில் கரும்புள்ளிகள், கூடினால் நாலு. ஆணில் அந்தப் புள்ளிகள் மங்கலாகத்தான் இருக்கும். பின்சிறகு ஒடுங்கியது, அதன் பின் ஓரத்தில் வெளிறிய நீள மயிர் போன்ற செதில்கள் ஒரு தூரிகை மாதிரி நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது சிறகை ஓலைக்குடிசைக் கூரை போலச் சரித்து மூடிக்கொள்ளும். கைக்கண்ணாடி இருந்தால் தலையைப் பாருங்கள், நித்திரையால் எழும்பிய பிள்ளையின் தலை மாதிரி செதில்கள் குத்திட்டு நிற்கும். டினீயிடே குடும்பத்தை அடையாளம் காண நான் முதலில் தேடுவது அதைத்தான். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போன்ற நீளமான உறிஞ்சுகுழல் இந்தக் குடும்பத்தில் குறுகிப்போயிருக்கும், சிலதில் இல்லவே இல்லை.

உங்கள் இரண்டாவது படத்தைப் பற்றி, அதாவது யன்னல் ஓரத்தில் இருந்த சாம்பல் நிறச் சின்ன அந்து: அது இதே பூச்சியாக இருக்கலாம், ஆனால் அந்தப் படத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். அந்துப்பூச்சியின் நிறமும் புள்ளியும் சிறகின் செதில்களில் இருக்கின்றன. இரண்டு நாள் சுவரில் உரசித் திரிந்தால் செதில் உதிர்ந்துவிடும், அப்போது சாம்பல் நிறத்துச் சின்ன அந்து எல்லாம் ஒன்று போலவே தெரியும். புழுவுக்குக் கூடு இருக்கிறது, அது உதிராது. அதனால் இந்தப் பூச்சி விஷயத்தில் வழக்கத்துக்கு மாறாகக் குடம்பிதான் நல்ல சாட்சி.

உடுப்பு அந்து என்று சொன்னவர் முழுப்பிழை என்று நான் நினைக்கவில்லை, அவர் சொன்னது இதன் ஒன்றுவிட்ட சகோதரத்தை. நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், பிறகு திருத்திக்கொண்டேன். உடுப்பு அந்து என்று உலகம் முழுக்கச் சொல்லப்படுவது இரண்டு. ஒன்று டினியோலா பிசெல்லியெல்லா, வைக்கோல் நிறத்தில் பொன் மினுக்கம் உள்ளது, சிறகில் புள்ளி இல்லை, அதன் புழு கூட்டைச் சுமந்து திரிவதில்லை, துணியின் மேலேயே பட்டு நூலால் ஒரு சுரங்கம் மாதிரிப் பின்னி அதற்குள் இருந்து தின்னும். மற்றது டினியா பெல்லியோனெல்லா, இதன் புழு கூட்டைச் சுமக்கும், ஆனால் அந்தக் கூடு உருண்டைக் குழாய், தட்டையாக நடு அகன்று இராது. ஆக, சுமக்கிறதா, சுமந்தால் கூடு உருண்டையா தட்டையா என்ற இரண்டு கேள்வியோடு இந்த மூன்றையும் பிரித்துவிடலாம். மூன்றும் ஒரே குடும்பம்.

இடையில் ஒன்று, இந்தப் பெயர்கள் ஏன் எல்லாம் எல்லா, எல்லா என்று முடிகின்றன என்று யாரோ கேட்டிருந்தார்கள். அது லின்னேயஸ் போட்ட ஒழுங்கு. 1758இல் அவர் அந்துப்பூச்சிகளைப் பிரித்தபோது டினியா என்று தான் வைத்த கூட்டத்துக்குப் பெயர்கள் எல்லா என்று முடிய வேண்டும் என்று வைத்தார், வேறொரு கூட்டத்துக்கு ஆனா, இன்னொன்றுக்கு அலிஸ். பெயரின் வாலைப் பார்த்தே கூட்டத்தை அறியலாம் என்பது அவர் எண்ணம். பின்னால் வந்தவர்கள் சின்ன அந்துகளுக்கு அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

இப்போது அந்த இரண்டு இலத்தீன் பெயர்கள். ஒன்று ஃபெரியீகா அல்லுடெல்லா, மற்றது ஃபெரியீகா உடெரெல்லா. இரண்டும் ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் என்று நினைத்துவிடவேண்டாம், இரண்டு தனித்தனி இனங்களாகவே வைத்திருக்கிறார்கள். அல்லுடெல்லாவை 1892இல் ஹான்ஸ் ரெபல் என்ற ஆஸ்திரிய அறிஞர் கனரித் தீவுகளின் சிறு அந்துகளைப் பற்றி எழுதியபோது விவரித்தார். உடெரெல்லாவை 1897இல் வால்சிங்கம் பிரபு மேற்கிந்தியத் தீவுகளின் பூச்சிகளில் இருந்து விவரித்தார், விவரித்து டினியோலா என்ற சாதிக்குள் போட்டார், அதாவது நான் மேலே சொன்ன உடுப்பு அந்தின் சாதிக்குள். அன்றைக்கு ஃபெரியீகா என்ற சாதியே கிடையாது. 1930களில் அமெரிக்காவில் புளோரிடா வீடுகளில் இதே பூச்சி பெருகியபோது அதற்கு இன்னொரு பெயரும் வைத்தார்கள், அது பின்னர் உடெரெல்லாவுக்குள் அடங்கிவிட்டது. 1956இல்தான் ஹின்டன், பிராட்லி என்ற இருவர் தட்டைக் கூடு சுமக்கிற இவற்றை உண்மையான டினியோலாவில் இருந்து பிரித்து ஃபெரியீகா என்ற புதுச் சாதியை அமைத்தார்கள். உடுப்பு அந்து என்ற பெயர் இன்றும் இதோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்த அறுபது வருடக் குடியிருப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

புளோரிடாவில் இதைச் சுவர்ப் பூச்சில் காண்கிற பைப்புழு என்ற பொருளில் ஒரு பெயரால் அழைத்தார்கள், அந்தப் பெயரும் இணையத்தில் நிறைய வரும். உண்மையான பைப்புழு வேறு குடும்பம், சைக்கிடே. குச்சியையும் இலைத்துண்டையும் ஒட்டிய பையோடு மரக்கொப்பில் தொங்குமே, அதுதான். இரண்டும் தூரத்து உறவு, ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருகின்றன, ஆனால் பைப்புழுக்கள் பலவற்றில் பெண்ணுக்குச் சிறகே இல்லை. உங்கள் சுவரில் இருப்பதன் பெண் பறக்கும்.

அப்படியானால் உவர்மலையில் இருப்பது அல்லுடெல்லாவா உடெரெல்லாவா? இலங்கைக்குப் பதிவாகியிருப்பது அல்லுடெல்லா. கனரித் தீவுகள், மடெய்ரா, சியரா லியோன், சீசெல்ஸ், இந்தியா, ஜாவா, சமோவா என்று வெப்பநாடுகளைச் சுற்றி அதன் பதிவுகள் இருக்கின்றன. உடெரெல்லாவின் உறுதியான பதிவுகள் அமெரிக்கக் கண்டத்துப் பக்கம்தான் கூட. ஆகவே ஒரு பெயர் சொல்லத்தான் வேண்டும் என்றால் அல்லுடெல்லா என்பதே நியாயமான ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இவை கப்பல் சாமான்களோடு, தளபாடங்களோடு பயணம் போகக்கூடிய பூச்சிகள், நாங்கள் இருப்பதோ துறைமுகப் பட்டினம். ஆசியாவில் எடுத்த படங்கள் பலவற்றுக்கு உடெரெல்லா என்று பெயர் போட்டிருப்பதை நீங்கள் இணையத்தில் காணலாம். புளோரிடாவில் இருந்து வந்த தகவல்தாள் எல்லோருக்கும் இலகுவில் கிடைப்பதால் அந்தப் பெயர் முந்திக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

படத்தில் ஏன் பிரிக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். இந்த இரண்டின் கூடும் ஒன்று போல, சாம்பலும் புள்ளியும் ஒன்று போல. சின்ன அந்துகளில் இனத்தைப் பிரிக்க அறிஞர்கள் நம்புவது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை. வயிற்றுப் பகுதியைக் கழற்றி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கி, சதையும் கொழுப்பும் கரைந்தபின் மிஞ்சுகிற கைற்றின் பகுதிகளைக் கண்ணாடித் தட்டில் விரித்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். ஆணில் பற்றிப்பிடிக்கிற தகடுகளின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும், பூட்டும் சாவியும் மாதிரி என்று பழைய புத்தகங்கள் எழுதும். இன்னொரு வழி டிஎன்ஏ பட்டைக்குறி, ஒரு மைற்றொகொண்டிரிய மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டை வாசித்து ஒப்பிடுவது. அது வேகமானது, ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கிற மாதிரிக்குப் பெயர் சரியாக இருந்தால்தான் விடையும் சரி. எவ்வளவு தெளிவான கைத்தொலைபேசிப் படமாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் ஈடாகாது. ஃபெரியீகா என்று சாதியோடு நிறுத்திக்கொள்வது அரைகுறைப் பதில் இல்லை, உங்கள் படம் தரக்கூடிய முழுப் பதிலே அதுதான். அதற்கு மேல் உறுதியாக ஒரு பெயரைச் சொல்பவரிடம் எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள்.

உணவு விஷயத்திலும் இந்தப் பெயர்க் குழப்பம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பழைய சிலந்தி வலை தின்னும், கம்பளி தின்னும், இதில் சந்தேகம் இல்லை. பருத்தி தின்னாது. காய்ந்த பூச்சி தின்னுமா என்பதில் பார்த்தவர்கள் ஒத்துப்போகவில்லை. புளோரிடாவில் 1930களில் வளர்த்தவர் தின்னவில்லை என்று எழுதினார். பனாமாவில் அன்னெட் ஐயெல்லோ 1979இல் வெளியிட்ட ஆய்வில் செத்த நுளம்பையும் தன் தலைமயிரையும் கொடுத்தே வளர்த்திருந்தார், ஆனால் அவர் வளர்த்தது அல்லுடெல்லா என்ற பெயரில். இது இனத்தின் வேறுபாடா, வளர்த்த விதத்தின் வேறுபாடா என்பதை இந்த இரண்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. என் போத்தலில் இருந்தவை நுளம்பைத் தின்றன. எங்கள் வீடுகளில் கம்பளி ஏது, வலையும் மயிரும் செத்த பூச்சியும்தான் இவற்றின் சாப்பாடு. பட்டுச்சேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள்: பட்டும் கம்பளி போலப் புரதம்தான், ஆகவே பெட்டிக்குள் இவற்றைக் கண்டால் எடுத்துப் போடுங்கள், அலுமாரிக்குப் பின்னால் ஒன்றிரண்டைக் கண்டதற்காகக் கலங்கவேண்டாம். தும்புத்தடியால் மூலைமுடுக்கில் இருக்கிற வலையை வாரத்துக்கு ஒரு தரம் தட்டி, தளபாடத்துக்குப் பின்னால் கூட்டினால் குறைந்துவிடும், மருந்து அடிக்கத் தேவையில்லை. இவற்றுக்கு ஈரப்பதன் நிறைய வேண்டும், மாரியில் சுவர் ஊறி நிற்கிற மாதங்களில்தான் எங்கள் வீட்டிலும் கூடக் காண்கிறேன், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் குளியலறைக்குள் ஒதுங்கிவிடும்.

உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஒன்றைப் பிடித்து வளர்த்துப் பாருங்கள். ஒரு ஜாம் போத்தல், வாய்க்கு மெல்லிய துணி, உள்ளே ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் சிலந்தி வலை, நாலு செத்த நுளம்பு, ஒரு மூலையில் ஈரப் பஞ்சு. முட்டையிலிருந்து அந்து வரைக்கும் இரண்டரை மாதம் ஆகும், பெரிய கூடாகப் பார்த்து எடுத்தால் காத்திருக்கிற காலம் குறையும். கூட்டுப்புழுவாகிற நேரம் வந்தால் அது நிமிர்ந்த இடத்தில் ஏறி, கூட்டின் இரண்டு முனையையும் பட்டால் கட்டிவிட்டு, ஒரு முனையின் ஓரங்களை வெட்டித் தட்டையான கதவு மாதிரி ஆக்கும். பிறகு ஓரிரு கிழமை, சிலவேளை மூன்று கிழமை அசைவே இராது, செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அந்து பெரும்பாலும் மத்தியான நேரத்தில் வரும், வந்தபின் கூட்டுப்புழுவின் கழற்றிய தோல் அந்தக் கதவால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் சுவரில் இருக்கிற கூடுகளிலும் அதைப் பாருங்கள், தோல் நீட்டியிருந்தால் அது குடிபோன வீடு. ஒரு தரம் என் போத்தலில் அந்து வரவில்லை, மெல்லிய கறுப்புக் குளவி ஒன்று வந்தது. இந்தப் புழுவுக்குள் முட்டை இட்டு வளர்கிற பிராக்கோனிட் குளவிகள் உண்டு, அதையும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்து வந்ததும் சிறகு காய விட்டு, செதில் உதிர முன்னம் படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலைக்குக் கிட்டவாக ஒன்று. பிறகு போத்தலோடு குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஒரு நாள் வைத்து, காய்ந்த சின்னப் பெட்டியில் கூட்டையும் அந்தையும் சேர்த்தே வையுங்கள், ஒன்றை விட்டு மற்றதைப் பிரிக்கவேண்டாம். ஆண் கிடைத்தால் அதை வெட்டிப் பார்க்கக்கூடிய ஒருவருக்கு அனுப்பலாம். பெட்டிக்குள் ஒரு சின்னக் காகிதம், பென்சிலால் எழுதியது: திருகோணமலை, உவர்மலை, குளியலறைச் சுவர், புழு எடுத்த திகதி, அந்து வெளிவந்த திகதி, கொடுத்த தீனி. பெயர் எழுதுகிற இடத்தில் ஃபெரியீகா என்று மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள்.